பிள்ளைக்காக ஏந்திய உண்டியல்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. திருவிழா நாளில் வடம் பிடிக்க ஆயிரம் கைகள் முன்வருகின்றன. தேர் நிலையை விட்டுப் புறப்படுவதும், வீதிவலம் வந்து மீண்டும் நிலை சேர்வதும் அந்தக் கைகளின் ஒற்றுமையால்தான். ஆனால் அதே கூட்டத்தின் ஓரத்தில், தாயும் தந்தையும் மட்டுமே வடம் பிடிக்க, ஒரு பெருந்தேரை ஆண்டுக்கணக்கில் தனியே இழுத்துவரும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பங்களே அவை.

அக்குடும்பங்களுள் சில இன்று வீட்டுக்குள் ஒடுங்கிவிடாமல் வெளியே வருகின்றன. அறக்கொடை விருந்துக்கு நுழைவுச்சீட்டு விற்கின்றன. நன்கொடை அட்டையோடு படியேறுகின்றன. பலகாரம் செய்து உணவுச் சந்தையில் கடை போடுகின்றன. நாமும் பத்து ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். "அவரவர் பிள்ளையை அவரவர்தானே பார்க்க வேண்டும்? ஊராரிடம் ஏன் கையேந்த வேண்டும்?" என்று கேட்போரும் உண்டு. அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

மதியிறுக்கம் என்ற பெயராலும் வழங்கப்படும் ஆட்டிசம், மூளை வளரும் முறையிலேயே அமைந்த ஒரு வேறுபாடாகும். அது பைத்தியம் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. இக்குழந்தைகளுள் பலர் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல், தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்வர். ஒரே செயலை, ஒரே வழியை, ஒரே உணவைத் திரும்பத் திரும்ப நாடுவர். சிலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் தாங்க முடியாத வேதனையைத் தரும். சிலர் வாழ்நாள் முழுவதும் பேசுவதில்லை. வேறு சிலர் பல்கலைக்கழகப் பட்டம் பெறுகின்றனர். இருவரையும் ஆட்டிசம் என்ற ஒரே சொல் தழுவி நிற்பதால்தான் பொதுமக்களுக்கு அது எளிதில் விளங்குவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். இந்த விகிதத்தை நம் திருவிழாக் கூட்டத்தோடு பொருத்திப் பார்த்தால், இவர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் அல்லர் என்பது புலனாகும். நம் நாட்டு அரசாங்கத் தாய்சேய் நல மருந்தகங்களில் 18 மாதத்திலும் மூன்று வயதிலும் பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்டு இதற்கான அறிகுறிகளைச் சோதிக்கும் முறை உண்டு. அந்தக் கேள்வித்தாளுக்கு மறைக்காமல் விடையளிப்பது பிள்ளைக்குச் செய்யும் முதல் நன்மை. ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து எதுவும் இல்லை. "முற்றிலும் குணமாக்குகிறோம்" என்று கூறிப் பெருந்தொகை கேட்போரை நம்பி ஏமாறாதிருப்பது நன்று. ஆனால் சிறு வயதிலேயே பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் தகுந்த கல்வியும் கிட்டினால் பிள்ளையின் வாழ்வு பெரிதும் எளிதாகும்.

செலவு தொடங்குவதும் அங்கேதான். பயிற்சி ஒரு நாளில் முடிவதன்று. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. அரசாங்க மருத்துவமனையில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாரிடம் சென்றால் மணிக்கணக்கில் கட்டணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோருள் ஒருவர், பெரும்பாலும் தாய், வேலையை விடுகிறார். செலவு கூடும் அதே வேளையில் வருமானம் பாதியாகிவிடுகிறது.

பழி சுமந்த தாய்மார்கள்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வுரையின் மூலம் ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டினார். அதன்பின் நேர்ந்தது ஒரு பெருங்கொடுமை. தாயின் அன்பின்மையே பிள்ளையை இவ்வாறு ஆக்கிற்று என்ற கருத்து அறிஞரிடையே வேரூன்றியது. குளிர்பதனப் பெட்டியைப் போன்ற தாய் என்றே அப்பெண்களுக்குப் பெயர் சூட்டினர். இரவு பகல் விழித்துப் பிள்ளையைக் காத்தவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர்.

அக்கருத்தைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லண்ட், தம் மகனின் நிலையை அறிய நூல்களைத் தேடித்தேடிப் படித்தார். தாயைக் குறைகூறுவதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை என்றும், காரணம் உடலமைப்பிலேயே உள்ளது என்றும் 1964இல் நூல் எழுதி நிறுவினார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கேனரே என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டே ரிம்லண்டும் பிற பெற்றோரும் கூடி அமெரிக்காவில் ஆட்டிசச் சங்கத்தைத் தொடங்கினர்.

பழி சுமத்தும் வழக்கம் அத்துடன் ஓய்ந்ததா என்றால், இல்லை. 1998இல் இலண்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வுரை, தட்டம்மைக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி உலகையே கலக்கியது. அது நேர்மையற்ற ஆய்வு எனத் தெரியவந்து, வெளியிட்ட மருத்துவ ஏடே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் அந்த அச்சம் இன்றும் சில வீடுகளில் உலவுகிறது. நம் சமூகத்திலோ வேறு வகைப் பழி உண்டு. முற்பிறவி வினை என்பர். கர்ப்ப காலத்தில் கிரகணத்தைப் பார்த்திருப்பாள் என்பர். சொல்பவர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கேட்டவள் அச்சொல்லோடு வீடு திரும்புகிறாள்.

வானொலியில் ஒலித்த தாயின் குரல்

குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. 1961இல் ஹெலன் அலிசன் என்னும் தாய், பி.பி.சி. வானொலியின் மகளிர் நிகழ்ச்சியில் தம் மகனைப் பற்றி மனந்திறந்து பேசினார். ஆட்டிசம் என்ற சொல்லையே மக்கள் அறியாத காலம் அது. அவ்வுரையைக் கேட்ட பிற பெற்றோர், "எங்கள் பிள்ளையும் இப்படித்தான்" என்று தொடர்பு கொண்டனர். அதுவரை தம் வீட்டில் மட்டுமே இத்துயரம் என்று எண்ணியிருந்தவர்கள், முதன்முறையாக ஒருவரை ஒருவர் கண்டுகொண்டனர்.

அவர்களுள் ஒருவர் லோர்னா விங். மனநல மருத்துவரான அவருக்கும், அதே துறையில் பணியாற்றிய கணவர் ஜானுக்கும் 1956இல் சூசி பிறந்தாள். ஒருமுறை இரயில் பயணத்தின்போது, எதிரே இருந்த தாயின் குழந்தை வெளியே தெரிந்தவற்றைச் சுட்டிக் காட்டித் தாயின் முகத்தைப் பார்த்து மகிழ்ந்ததை லோர்னா கவனித்தார். தம் மகள் ஒருநாளும் அவ்வாறு செய்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னர் மருத்துவர் மில்ட்ரெட் கிரீக் என்பவரின் சொற்பொழிவைக் கேட்டு வந்த கணவர், சூசியின் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் என உணர்ந்தார். மருத்துவர்களான பெற்றோருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

1962இல் இப்பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் கண்டனர். அதுவே இன்று இங்கிலாந்தின் தேசிய ஆட்டிசச் சங்கமாக விளங்குகிறது. அக்காலத்தில் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளைக் கல்வி கற்கத் தகுதியற்றவர்கள் என்று முத்திரையிட்டுப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிடுவர். சிபில் எல்கர் என்னும் ஆசிரியை தம் வீட்டின் நிலவறையில் அத்தகைய குழந்தைகளுக்குப் பாடம் நடத்திவந்தார். பெற்றோர் நிதி திரட்டி, அவரையே தலைமையாசிரியையாகக் கொண்டு, 1965இல் இலண்டனின் ஈலிங் பகுதியில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான பள்ளியைத் திறந்தனர். எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1970இல்தான். சட்டம் வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே பெற்றோரின் உண்டியல் ஒரு பள்ளியை எழுப்பிவிட்டது.

பிள்ளைகள் வளர்ந்தனர். பள்ளி முடித்தபின் எங்கே செல்வது என்ற கேள்வி எழுந்தது. மீண்டும் நிதி திரட்டினர். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கி வாழவும் தொழில் பழகவும் 1974இல் சாமர்செட் வட்டாரத்தில் ஓர் இல்லத்தை அமைத்தனர். லோர்னா விங் தம் அறிவையும் இப்பணிக்கே ஈந்தார். இலண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஜூடித் கூல்டு என்பவருடன் ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் முன்பு எண்ணியதைவிடப் பரந்தது என்று காட்டிற்று. வானவில்லின் நிறங்களைப் போல் ஒன்றிலிருந்து ஒன்றாக விரியும் நிலை என்று இன்று மருத்துவர்கள் கூறுவதற்கு அடித்தளம் இட்டவர் அவரே.

சூசி 2005இலும், தந்தை ஜான் 2010இலும், தாய் லோர்னா 2014இலும் மறைந்தனர். அந்தக் குடும்பத்தில் மகளும் இல்லை, பெற்றோரும் இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கிய சங்கம் இன்றும் பிறர் பிள்ளைகளுக்காக இயங்குகிறது. "தம் பிள்ளைக்கு ஊரார் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு இதுவே விடை. பெற்றோர் தம் பிள்ளையின் பெயரால் உண்டியல் ஏந்துகின்றனர். அதன் பயன் இன்னும் பிறவாத பிள்ளைகளையும் சென்று சேர்கிறது.

நம் வட்டாரத்தில்

இதே கதை நம் வட்டாரத்திலும் நடந்தேறியது. மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கமாகிய நாசோம், பெற்றோரும் துறைசார்ந்தோரும் கைகோத்ததால் உருவாகி 1987இல் பதிவு பெற்றது. இன்று நாட்டின் பல ஊர்களில் அதன் மையங்கள் உள்ளன. சிங்கப்பூரில், ஆட்டிசம் உள்ள மகனின் தாயாகிய டெனிஸ் புவாவும் அவரைப் போன்ற பிறரும் முன்னின்று உழைத்ததால் 2004இல் பாத்லைட் பள்ளி பிறந்தது. 41 மாணவர்களோடு தொடங்கிய அப்பள்ளியில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயில்கின்றனர்.

பள்ளிப் பருவம் கடந்த பிள்ளைகளை எண்ணி எழுந்த முயற்சியும் உண்டு. ஆட்டிசம் உள்ள மகனின் எதிர்காலத்தைக் கருதி, முகமட் அட்லி யாஹ்யா என்னும் தந்தை 2016இல் 'ஆட்டிசம் கஃபே ப்ராஜெக்ட்' என்ற உணவகத் திட்டத்தைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் அங்கே சமைக்கவும் பரிமாறவும் பழகி ஊதியம் பெறுகின்றனர். "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்பது இனம், மதம், மொழி எதையும் பாராமல் எல்லாப் பெற்றோரையும் உறங்கவிடாத கேள்வியன்றோ?

நம் மக்கள் அறிந்திருக்க வேண்டிய வசதிகளும் உள. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், சமூக நல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். அட்டை பெற்றால் பிள்ளையின் பெயர் கெடும் என்று தயங்கி, உரிய உதவிகளை இழப்போர் நம்மிடையே பலர். அரசாங்கப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்டம் நடைபெறுகிறது. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் அவ்வகுப்புகள் உண்டு. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினால்தான் பிள்ளை பேசும் என்று தமிழைக் கைவிடும் பெற்றோரும் உளர். இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சிக்குக் கேடு விளைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியோடு பேச ஒரு மொழி அப்பிள்ளைக்கும் வேண்டும்.

கண்ணீரை விலைபேச வேண்டாம்

நிதி திரட்டுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். இரக்கத்தைத் தூண்டினால் பணம் விரைவில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை அழுது புரளும் படத்தைச் சுவரொட்டியில் ஒட்டினால், அப்பிள்ளை வளர்ந்தபின் அதைக் காண நேரிடுமே! 2005இல் ஒரு பேரக்குழந்தையின் பொருட்டுப் பாட்டனாரும் பாட்டியாரும் தொடங்கிய அமெரிக்காவின் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' அமைப்பு, உலகெங்கும் விழிப்புணர்வைப் பரப்பியது. ஆயினும் 2009இல் அது வெளியிட்ட ஒரு விளம்பரப் படம், ஆட்டிசத்தைக் குடும்பங்களை அழிக்கும் பகையாகச் சித்திரித்தது. ஆட்டிசம் உள்ளவர்களே அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர்; படம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எங்களைப் பற்றிப் பேசும்போது எங்களையும் கேளுங்கள் என்பதே அவர்கள் உணர்த்திய பாடம். ஐக்கிய நாடுகள் சபை 2007இல் தீர்மானித்தபடி, 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் நீல விளக்கு ஏற்றுவதோடு நின்றுவிடாமல், நம் அண்டை வீட்டுப் பிள்ளையை அறிந்துகொள்வதே விழிப்புணர்வாகும்.

கொடுப்போரும் கணக்குக் கேட்கத் தயங்கலாகாது. பொது இடத்திலும் வீடு வீடாகவும் வசூலிக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறையின் அனுமதி வேண்டும். ரசீது தருகிறார்களா, ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்படுகிறதா என்று கேட்பது அவமதிப்பாகாது. நேர்மையாகத் திரட்டுவோர் அதனை வரவேற்பர். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு வழங்கும் நன்கொடைக்கு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவும் உண்டு. ஒருமுறை பெருந்தொகை வழங்குவதினும், மாதந்தோறும் சிறு தொகை வழங்குவது பயிற்சி ஆசிரியரின் ஊதியத்துக்கு உறுதியளிக்கும்.

ஆலயத்தில் நாம் செய்யக்கூடியவை

பக்த அன்பர்களே, பணம் ஒரு பாதிதான். மறுபாதி நம் நடத்தையில் இருக்கிறது. தவிலும் நாதசுரமும் முழங்க, மணி ஒலிக்க, கற்பூரப் புகை எழக் கூட்டம் நெருக்கும் வேளை நமக்குப் பரவசம். ஒலியைத் தாங்க இயலாத பிள்ளைக்கு அது தீயில் நிற்பது போன்றது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரளும். கூட்டம் தாயை முறைக்கும். "பிள்ளையை அடக்கத் தெரியவில்லை, ஏன் கூட்டி வந்தாய்?" என்று ஒருவர் கேட்டுவிடுவார். மறு ஆண்டு அக்குடும்பம் திருவிழாவுக்கு வராது. ஊருக்கெல்லாம் பொதுவான சந்நிதி, அவர்களுக்கு மட்டும் அடைபட்டுப் போகிறது.

இதனை மாற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. கூட்டமும் வாத்தியமும் இல்லாத ஒரு வேளையை இக்குடும்பங்களின் தரிசனத்துக்கு அறிவிக்கலாம். நீண்ட வரிசையில் நிறுத்தாமல் வழிவிடலாம். திருவிழா நாளில் ஒலிபெருக்கிக்குத் தொலைவான ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். காதை மூடும் கருவி அணிந்து சந்நிதிக்கு வரும் பிள்ளையைக் கண்டு, அது மரியாதைக் குறைவு என்று கருதாதிருக்கலாம். நெற்றியில் திருநீறு இடுமுன் பெற்றோரைக் கேட்டு, தொடுகை பிடிக்காத பிள்ளையாயின் அவர்கள் கையில் வழங்கலாம். அன்னதானத்தில் வெறுஞ்சோறு மட்டுமே உண்ணும் பிள்ளையிடம் குழம்பை வற்புறுத்தாதிருக்கலாம்.

தொண்டர்படையினர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இக்குழந்தைகளுள் சிலர் கண்ணிமைக்கும் நேரத்தில் கூட்டத்தை விட்டு விலகி ஓடிவிடுவர். பலருக்கு நீர்நிலைகளின்மேல் ஈர்ப்பு அதிகம். காணாமற்போனால் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அழைத்துப் பயனில்லை. தன் பெயருக்கு அப்பிள்ளை விடையளிக்காது போகலாம். முதலில் குளம், ஆற்றங்கரை, கால்வாய், சாலை ஆகிய இடங்களுக்கே ஆள் ஓட வேண்டும். இந்த ஒரு செய்தியைத் தொண்டர்கள் அறிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

உபயதாரர்களும் எண்ணிப் பார்க்கலாம். மலர் அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் மனமுவந்து வழங்கும் கைகள், திருவிழாவின் ஒரு நாள் உபயத்தைப் பயிற்சி மையத்தில் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பயிற்சிக்கு ஒதுக்கினால், அதுவும் திருப்பணியே. ஆலயச் செயலவைகள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம்.

இத்திருவிழாவில் நன்கொடை அட்டையோடு ஒரு தாயோ தந்தையோ உங்கள் முன் வந்து நின்றால், தொகையை எழுதுமுன் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அதற்கு என்ன பிடிக்கும், எந்தப் பள்ளியில் படிக்கிறது, சந்நிதிக்கு அழைத்து வர எந்த வேளை வசதிப்படும் என்று கேளுங்கள். ரிங்கிட்டு அதன்பின் வரட்டும்.